இருபத்தாறு ஓட்டு

நன்றி கெட்ட ஊர் என்றால் அது நொச்சிமேடுதான். பூலாம்பாடி டீக்கடையில் ஒரு வாரமாக இதே பேச்சு.

பேசாமல் என்ன செய்வார்கள்? பூலாம்பாடிக்கு வடக்கே, மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே மொத்தமே பதினெட்டு வீடு. அதற்குத் தார் ரோடு, தெருவிளக்கு, தண்ணித் தொட்டி எல்லாம் போராடி வாங்கியவர் எம்.எல்.ஏ. லீலாவதி. பத்து வருஷமாகச் சட்டசபையில் அவர் எழுந்தாலே, யாரும் கேள்விப்படாத ஏதாவது ஒரு ஊர் பேர்தான் வரும். சொந்தக் கட்சிக்காரர்களே 'சின்ன ஊரு லீலாவதி' என்று கிண்டல் செய்வார்கள்.

முன்பெல்லாம் நொச்சிமேட்டுக்காரர்கள் ஓட்டுப் போட ஆறு கிலோமீட்டர் போக வேண்டும். யார் டிராக்டரில் ஏறுகிறார்களோ அவர் சொல்லும் சின்னத்துக்குத்தான் குத்துவார்கள். இந்தத் தேர்தலில் அந்த ஊருக்கே தனி பூத் வாங்கிக் கொடுத்தார் லீலாவதி.

அந்த பூத்தில் லீலாவதிக்கு விழுந்தது பதினைந்து ஓட்டு. எதிராளிக்கு இருபத்தாறு.

தொகுதியில் லீலாவதி தோற்றது வெறும் ஒன்பது ஓட்டில்.

அந்த இருபத்தாறில் ஒன்று மலர்க்கொடி போட்டது. வேண்டுமென்று போடவில்லை, பாவம். மகள் இலக்கியாவுக்குப் பெரம்பலூரில் பிளஸ் ஒன் சேர இடம் கிடைத்திருந்தது. பஸ் பிடிக்க ஆள் நடமாட்டமில்லாத சோளக்காட்டு ரோட்டில் மூணு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும்.

"ஊருக்குள்ள பஸ் வந்தா படிக்கட்டும். இல்லன்னா வூட்ல இருக்கட்டும்" என்று புருஷன் முருகையன் முடித்துவிட்டான்.

ஓட்டுக் கேட்டு வந்த லீலாவதியிடம் மலர்க்கொடி கேட்டதும் அதைத்தான்.

"பஸ்ஸு வருமாங்க?"

"நாலு வருசமா கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன். வரும்னு இப்ப வாக்குக் குடுக்க முடியாது."

அடுத்த நாள் எதிராளி வந்தார். அய்யனார் கோயிலில் எரிகிற சூடத்தின் மேல் அடித்து, "ஜூன்ல பஸ் வருது" என்று சத்தியம் செய்தார். நொச்சிமேட்டில் சூடத்துக்கு மேல் பேச்சே கிடையாது.

ஜெயித்த மறுநாளே ஊர்க்காரர்கள் அவரைப் பார்க்கப் போனார்கள். "நாப்பது ஓட்டு ஊருக்குப் பஸ் ஒரு கேடா?" என்று அவருடைய ஆள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான்.

இந்த லட்சணத்தில்தான் இன்று காலை லீலாவதியின் ஜீப் ஊருக்குள் வந்தது.

குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நழுவினார்கள். மலர்க்கொடியின் குடம் பாதிதான் ரொம்பியிருந்தது. அகப்பட்டுக்கொண்டாள்.

முதலில் இறங்கியவன் லீலாவதியின் உதவியாளன் பிரசாத். "இந்தத் தண்ணிய வாங்கிக் குடுத்தது யாரு? குடிக்கத் தொண்டையில எறங்குதா உங்களுக்கு?"

"பிரசாத், சும்மா இரு" என்றார் லீலாவதி. பிறகு மலர்க்கொடியிடம், "பொண்ண ஸ்கூல்ல சேத்தாச்சா?"

அந்த ஒரு கேள்வியில் மலர்க்கொடி உடைந்துபோனாள். "இல்லீங்க. நான் உங்களுக்குப் போடலீங்க. பஸ்ஸுக்கு ஆசப்பட்டு அங்க போட்டுட்டேன். உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

"யாருக்குப் போட்டேன்னு எங்கிட்ட சொல்லணும்னு உனக்கு என்னம்மா தலையெழுத்து? உன் இஷ்டத்துக்குப் போடத்தானே இங்க பூத் கேட்டேன்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். மேலே பூத் வாரியாக ஓட்டுக் கணக்கு. நொச்சிமேடு வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

மலர்க்கொடி குழாயை மூடினாள். ஊரையே நிற்க வைத்துக் கேட்கத்தான் கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள்.

அதற்குள் வாசலுக்கு வந்துவிட்ட மகளை லீலாவதி கூப்பிட்டார். "இலக்கியா, இங்க வா. சத்தமாப் படி, எல்லாருக்கும் கேக்கட்டும்."

கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். லீலாவதி புரட்டிக் கொடுத்த அடுத்த தாளை இலக்கியா தயங்கித் தயங்கிப் படித்தாள். "நொச்சிமேடு வாக்குச்சாவடி, இருபத்தாறு வாக்குகள். மாண்புமிகு உறுப்பினர் வெற்றி பெற்ற வித்தியாசம், ஒன்பது வாக்குகள். ஆகவே எங்கள் ஊருக்குப் பேருந்து விடுமாறு..."

நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இது மனுவுங்களா?"

"ஆமா. நாலு வருசமா நான் எழுதுன லெட்டரெல்லாம் பின்னால இருக்கு. எல்லாரும் கையெழுத்துப் போட்டு அவருகிட்ட கொண்டுபோய்க் குடுங்க. வாசல்ல நிக்காதீங்க, நேரா உள்ள போங்க. உங்க ஊரு ஓட்டு இல்லன்னா அவரு இன்னிக்கு எம்.எல்.ஏ. இல்ல. அத அவருகிட்டயே சொல்லுங்க."

முருகையன்தான் முதலில் வந்து பேனாவை வாங்கினான். மலர்க்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்து நின்றாள்.

ஜீப்பில் ஏறும்போது பிரசாத்துக்குப் பொறுக்கவில்லை. "என்னக்கா இது? உங்களத் தோக்கடிச்ச ஊருக்கு, நீங்க தோத்த கணக்கையே வச்சு பஸ் கேக்குறீங்க?"

லீலாவதி கதவைச் சாத்திக்கொண்டே சொன்னது மலர்க்கொடிக்கும் கேட்டது.

"நான் ஜெயிச்சிருந்தப்ப கேட்டேன், வரல. தோத்ததுக்காச்சும் வரட்டுமேப்பா."