பக்கத்து வீட்டு வைஃபை

பவதாரணியின் போன் வெள்ளிக்கிழமைகளில் வீட்டு வைஃபையை விட்டுவிடும். அன்றுதான் அவள் பக்கத்து வீட்டைத் திறந்து, கூட்டி, சாமியறையில் விளக்கேற்றி, கனடாவிலிருக்கும் வீட்டுக்காரி நிலாந்தினிக்கு வீடியோவில் காட்டுவாள். வைஃபை விடுபட்டாலும், டேட்டா போடாத அந்தப் போனில் வீடியோ நிற்பதில்லை. அதுதான் அவளுக்கு விளங்கவில்லை.

நாரந்தனையில் போன் திருத்தும் சயந்தன் இந்த வெள்ளி அந்த வீட்டுக்கு நேரிலேயே வந்தான். விளக்கேற்றியதும் போனை வாங்கிப் பார்த்தான்.

“போனில பிழையில்லை அக்கா. உங்கட வைஃபையை விட்டிட்டு இந்த வீட்டு வைஃபைக்குத் தாவுது. திருவிழாவுக்கு வீட்டுக்காரர் வந்து நிண்டபோது அவையின்ர பாஸ்வேட் போட்டனீங்களோ?”

“ஓம். ஆனா தம்பி, இஞ்ச இப்ப கரண்டே இல்லை. ரவுட்டரையும் அவை கொண்டு போயிட்டினம்.”

சயந்தன் சுவிட்சைப் போட்டான். மின்விசிறி அசையவில்லை. போனில் அந்த வைஃபையின் சிக்னல் முழுதாக இருந்தது.

“அழிச்சுவிட்டா இனித் தாவாது,” என்று அந்த வைஃபையைப் போனிலிருந்து நீக்கினான். பிறகு ஆவல் தாங்காமல், அவளிடம் பழைய பாஸ்வேட்டைக் கேட்டு மறுபடி போட்டுப் பார்த்தான். பிழை என்றது. பவதாரணி தானே நிதானமாக எழுத்தெழுத்தாக அடித்தாள். அப்போதும் பிழை.

“இவ்வளவு நேரமும் இதிலதானே வேலை செய்தது?”

“ஓம் அக்கா. இப்பதான் ஆரோ மாத்தியிருக்கினம்.”

வெளியே வந்து பவதாரணி கதவைப் பூட்டினாள். படியிறங்கியவள் திரும்பிப் போய், பூட்டிய கதவை மெதுவாகத் தட்டிவிட்டுக் காத்து நின்றாள்.