மூலையில் ஒரு கிளி

எதிர்க்கட்சியின் கிளி டிவியைப் பார்க்கிறவன் பதவி பறிபோகும் என்று மாவட்டச் செயலாளர் திருமுருகன் மேடையிலேயே முழங்கியிருந்தார். அவரே இன்று தன் பேட்டியைப் பார்க்க, பட்டாபிராம் வட்டச் செயலாளர் பரந்தாமன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

சொந்தக் கட்சி சேனலைப் போட்டதும் பரந்தாமனுக்கு வியர்த்துக் கொட்டியது. மனைவி ராணி வருஷக்கணக்காகப் பார்த்த சீரியல்களின் புண்ணியத்தில், திரையின் மூலையில் கிளி லோகோ அழியாத கறையாகப் பதிந்திருந்தது.

"இன்னாய்யா இது?" என்று உறுமினார் திருமுருகன்.

"செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டிவிண்ணே. எவன் பாத்தானோ!" என்று புளுகினார் பரந்தாமன்.

திருமுருகன் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நெசந்தான்யா, பழைய லோகோ. கிளி உக்காந்துகினு கீது. இப்பல்லாம் சீரியல் ஓடசொல்ல றெக்கைய விரிச்சிகினுல்ல பறக்குது!"