என் கடற்கரை வீடு

மழைக்கு அந்த நீலக் கதவின் முன்னால் ஒதுங்கியவர்கள் நான்கு பேர். பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் பிரேபென், டோர்தே, அதே கிடங்கில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத போடில். நான்காவது, அந்த வீட்டின் சொந்தக்காரன், எஸ்கில் ஆகிய நான்.

சொந்தக்காரன் என்பது நானாகச் சொல்லிக்கொண்டது. போன வருடம் அந்தக் கிடங்கு வேலையை விட்டபோது, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

காபி அறைப் பலகையில், கோடை வீடு வாடகைக்கு என்று ஒரு படம் குத்தியிருந்தது. கீழே முகவரியும் ஒரு போன் நம்பரும் மட்டும். அதைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "கடலோரமா எனக்கு ஒரு வீடு வந்திருக்கு, நீலக் கதவு, பெரியப்பா சொத்து" என்றேன்.

உண்மையில் நான் இருப்பது சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையில். பகலெல்லாம் தூங்கி, இரவெல்லாம் விழித்துக் கிடக்கிறேன். நான் வேலையை விட்டாலும் வேலை என்னை விடவில்லை. போன் செய்து கூப்பிட இந்த மூன்று பேரைத் தவிர எனக்கு ஆளில்லை. பொய் தெரிந்தால் அதுவும் போச்சு.

அதனால் நாங்கள் நாலு பேரும் போகும் அக்டோபர் சைக்கிள் பயணம் இந்தக் கரையில்தான் என்று முடிவானதும், அந்த வீடு இருக்கும் தெருவுக்குள் நுழையாமலிருக்க என்னால் ஆனதைச் செய்தேன். பாதி வழியில் என் டயர் காற்றை நானே பிடுங்கி விட்டேன். பிரேபென் ஐந்து நிமிடத்தில் அடித்துக் கொடுத்தான். முழங்கால் வலி என்றேன். டோர்தே மாத்திரை கொடுத்தாள். மழைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

"டேய், நீ சொன்ன நீலக் கதவு அதானே?" என்று பிரேபென்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"சாவி எடுத்துட்டு வரலையே."

"இந்தக் கரையில எவன்டா சாவியைக் கையில தூக்கிட்டு அலையறான்? விறகுக் கொட்டகையில ஆணியில தொங்கும்." போனான், எடுத்தே வந்துவிட்டான்.

உள்ளே நான் வீட்டுக்காரனானேன். கப் எடுக்க ஓர் அலமாரியைத் திறந்தேன், துடைப்பம் இருந்தது. அடுத்ததில் பெயின்ட் டப்பாக்கள்.

"சொந்த வீட்டுல கப் எங்க இருக்குன்னு தெரியாதா, எஸ்கில்?" என்றாள் டோர்தே.

"வாடகைக்கு விட்டிருந்தேன். வந்தவங்க மாத்தி வெச்சிட்டாங்க."

குழாயைத் திருகினேன். ஒரு சொட்டு இல்லை. குளிரில் குழாய் வெடிக்கக் கூடாது என்று கோடை முடிந்ததும் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் போவார்கள். அது இந்த வீட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுப்பங்கரையில் நின்று விழித்தேன்.

போடில் எழுந்து குளியலறைக்குப் போனாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ திருகினாள். குழாய் இரண்டு தடவை இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டியது.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றாள் டோர்தே.

"அங்கதான் இருக்கும்" என்றாள் போடில்.

அவள் காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

காபி குடித்தோம். பையிலிருந்த ரை ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நிஜச் சொந்தக்காரன் எந்த நிமிடமும் வந்து நிற்கலாம்.

சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஒரு கிழவர், பெரிய மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவருதான் உங்க பெரியப்பாவா?" என்றான் பிரேபென்.

"ஆமா. ஹென்ரிக்."

"அப்படியே உன் மூக்குடா. எப்படிப் போனாரு?"

"கடல்ல. புயல்ல படகு கவுந்துடுச்சு. உடம்புகூடக் கிடைக்கல."

சொல்லிவிட்டு நானே தலையைக் குனிந்துகொண்டேன். பிரேபென் தொப்பியைக் கழற்றினான். டோர்தே என் தோளைத் தட்டிக் கொடுத்தாள். போடில் மட்டும் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவப் போய்விட்டாள். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மழை விட்டது. யாரும் வரவில்லை. மாட்டாமல் தப்பித்துவிட்டேன் என்பதை நம்பவே முடியவில்லை. அந்தத் தெம்பில், "அடுத்த வருஷமும் இங்கயே வந்துடுவோம்" என்றுகூடச் சொல்லிவைத்தேன். வாய்க்கு என்ன பூட்டா இருக்கிறது?

பிரேபெனும் டோர்தேயும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்கள். கப்புகளைக் கழுவித் துடைத்துவிட்டுக் கடைசியாக நான் வெளியே வந்தேன். எனக்குப் பின்னால் போடில் கதவைச் சாத்தி, கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, பூட்டினாள். சாவியை வாங்கிக் கொட்டகையில் மாட்டலாம் என்று கையை நீட்டினேன். அவள் அதைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தெருவில் நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"அடுத்த வருஷத்துக்கு ஞாபகம் வெச்சுக்கோ. எங்கப்பா பேரு அல்ஃப், இன்னும் சாகல."