பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க

வலது கையில் பெரிய கட்டு. கழுத்திலிருந்து துணியில் தொங்கிய அதைக் காட்டி, மாஜிஸ்திரேட்டிடம் இன்ஸ்பெக்டர் தனபாலன் சொன்னார்: "முத்துவேல் அரிவாளால வெட்டுனான். இன்னும் விரலைக்கூட அசைக்க முடியல. உயிரைக் காப்பாத்திக்க இடது கையாலதான் சுட்டேன்."

அவர் உட்கார்ந்ததும் செத்துப்போன முத்துவேலின் மனைவி இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள், கூட்டமான பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுப்பதுபோல, "பிள்ளையக் கொஞ்சம் பிடிங்க" என்று கைக்குழந்தையைத் தனபாலனிடம் நீட்டிவிட்டு நடந்தாள். அவர் சட்டென்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கழுத்தில் வெறுந்துணி ஆடியது.

"குழந்தையை வாங்கிக்கம்மா," என்றார் மாஜிஸ்திரேட்.

"இருக்கட்டும் ஐயா," என்றாள், திரும்பாமலே. "அவன் அப்பன் வெட்டுன கைதானே. எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாப்போம்."