பக்கத்துத் தெருப் பிரசங்கம்

கீற்றுக் கொட்டகை ஜெபவீட்டின் வாசலில் பாஸ்டர் தேவஇரக்கம் நிலைகொள்ளாமல் நின்றார். அடுத்த தெரு மாதா கோயிலில் பூசை முடிந்து, அவர் கேட்டுவர அனுப்பியிருந்த சவரிமுத்து சைக்கிளில் வந்து இறங்கினான்.

"சாமியார் இன்னைக்கு நம்மளப் பத்தி என்னப்பா பேசுனாரு?"

"ஒண்ணும் பேசலய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அங்க பேய் ஆடுது, பொம்பளைக தலைய விரிச்சுப்போட்டுக் கத்துதுக, அந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்காதீகன்னு போன மாசம் பேசுனாரே?"

"அதெல்லாம் இல்லய்யா. பிறரை நேசிக்கணும்னு பேசுனாரு. நம்ம பேரையே எடுக்கல."

பாஸ்டர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி எஸ்தர், "வஞ்சாத்தான் வருத்தப்படணும். வையாததுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுறீக?" என்றாள்.

"உனக்கென்ன தெரியும்? நிலக்கோட்டையில பூ விக்க வந்தவுகளுக்குக்கூட நோட்டீஸ் குடுத்தேன். ஒரு ஆளு வந்துச்சா? அந்தச் சாமியாரு மூணு வாரம் வஞ்சாரு. பேய் ஆடுறதப் பாக்கணும்னு மாதா கோயில்லருந்து எந்திரிச்சு சனம் நேரா இங்க வந்துச்சு. கொட்டகைய ரெண்டு தடவ இழுத்துக் கட்டுனோம். இப்ப அன்பு அன்புன்னு ஆரம்பிச்சிட்டாரு. இனி கொட்டகையப் பிரிக்க வேண்டியதுதான்."

பாஸ்டர் சட்டென்று எழுந்தார்.

"ஏலே சவரி, சாயங்காலப் பூசை எப்ப?"

"ஆறு மணிக்குய்யா."

"அந்தக் குழாய் ஸ்பீக்கர மாதா கோயில் பக்கமாத் திருப்பிக் கட்டு. அவரு அன்பு எம்புட்டு நேரம் தாங்குதுன்னு பாப்போம்."