எத்தனை நாளில் குணமாகும்?

அஸ்தினாபுரம் பள்ளிக்கூட வாசலில், 'ஆக்குபேஷனல் தெரபி இலவச முகாம்' என்ற பேனருக்குக் கீழே அருள்மேரி உட்கார்ந்திருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் எதிரே வந்து உட்கார்ந்தார் குப்புராஜ்.

"யாருக்கு சார் ட்ரீட்மென்ட்?"

"என் பையனுக்கும்மா. மூணு வருஷமா கஷ்டப்படறான்."

"கையா, காலா?"

"அதெல்லாம் நல்லாத்தான் கீது. பி.காம். படிச்சிருக்கான்." டைப் அடித்த பயோடேட்டாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "ஆக்குபேஷன்தான் இல்ல. எத்தனை நாள்ல குணமாகும்?"

அருள்மேரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இது வேலை வாங்கித் தர்ற வைத்தியம் இல்ல சார். பக்கவாதம் வந்தவங்க, கையில அடிபட்டவங்க, மறுபடியும் தானே சட்டை பட்டன் போட, சாப்பிட, எழுதப் பழக்கிவிடறோம்."

குப்புராஜ் பயோடேட்டாவை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். அதற்குள் உள்ளே மைக் அலறியது.

"பதினோரு வருஷமாக ஆக்குபேஷனல் தெரபி படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் அள்ளிக் கொடுக்கும் எங்கள் அறக்கட்டளைத் தலைவர், வள்ளல் குப்புராஜ் அவர்கள், இப்போது இந்த மருத்துவத்தின் மகிமையை விளக்கிப் பேசுவார்!"

அருள்மேரி பதறி எழுந்தாள். "சார், நீங்களா? உங்க ஸ்காலர்ஷிப்லதான் சார் நானே படிச்சேன்!"

"வேலையில்லாதவங்களுக்கு வைத்தியம்னு நெனச்சுல்ல இத்தினி வருஷமா குடுத்துகினு வரேன்!" என்று தலையில் அடித்துக்கொண்ட குப்புராஜ், குரலைத் தாழ்த்தினார்.

"சரி, மேடை வரைக்கும் கூடவே வாம்மா. பட்டனுக்கு அப்புறம் இன்னா சொன்னே?"