விரல் தட்டிய இடம்

காணிப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் விமலசிறி, ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். முழுவதும் தமிழ். சிங்களப் படிவக் கட்டு கிடக்கும் மேசை லாச்சியை முழங்காலால் மெல்லத் தள்ளி மூடுகிறாள் எழுதுவினைஞர் தவமலர். காலை வெயில் அவர் வழுக்கையில் வியர்வையாய் மினுங்குகிறது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கோ அந்தத் தடித்த விரலைக்கூடத் தெரியும். அன்று பொலிஸ் நிலையத்தில், சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தின் கையொப்ப அடிக்கோட்டை அவள் தம்பிக்கு அதுதான் தட்டிக் காட்டியது: "ஒண்டும் இல்ல தம்பி, சைன் வை, வீட்ட போகலாம்." தம்பி சிறையிலிருந்து வீடு வர ஒன்பது வருடம் ஆனது.

"நங்கி, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இதில என்ன எழுதியிருக்கு?"

அவள் பேனாவை நீட்டுகிறாள். அடிக்கோட்டை விரலால் இரண்டு தரம் தட்டுகிறாள்.

"ஒண்டும் இல்ல மாத்தையா. சைன் வையுங்கோ, வீட்ட போகலாம்."